சேலையில் சிக்கல் இல்லை, பெட்டியிலும் செல்போனிலும்தான்

சங்கரன்கோவிலில் பிள்ளைகள் துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்க்கும் வீடுகளில், பெற்றோருக்கு விசிட் விசா வந்த நாளிலிருந்தே அறிவுரைகள் குவியத் தொடங்கிவிடும். பொட்டு வைக்கக் கூடாதாம். தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொள்ள வேண்டுமாம். சாமி படம் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்களாம். முக்காடு இல்லாமல் பெண்கள் தெருவில் கால் வைக்க முடியாதாம். இதற்கு நேர் எதிராகப் பேசுகிறவர்களும் உண்டு. ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்ப துபாய்ல என்ன வேணும்னாலும் செய்யலாம்’ என்பார்கள்.

இரண்டு பேச்சும் தவறு. முதலாவது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சவூதிக்குப் போய்வந்தவர்கள் சொன்ன நினைவுகளை இன்றைய துபாய் மீது ஏற்றி வைக்கிறது. இரண்டாவது, செல்போனில் ஓடும் முப்பது வினாடிக் காணொளிகளை நம்பிப் பேசுவது. உண்மையில், தென்காசிச் சீமையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஒரு சாதாரணக் குடும்பம் உடுத்தும் முறையில் அங்கே தப்பு காண்பது அபூர்வம். அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. அந்த இடங்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

துபாயோடு நம் உறவு ஒன்றும் புதிதல்ல. முத்துக்குளிப்பையும் கடல் வணிகத்தையும் நம்பியிருந்த கழிமுகத் துறைமுகமாகத் துபாய் இருந்த காலத்தில் அங்கே புழங்கியது இந்திய ரூபாய்தான். வளைகுடாவில் செலவழிப்பதற்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் தனி நோட்டுகளை வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகுதான் அந்தப் புழக்கம் நின்றது. அதே 1966இல் துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரகுமான் எழுபதுகளில் அங்கே வளர்த்தெடுத்த ஈ.டி.ஏ. நிறுவனம் தமிழ்நாட்டின் தென்கோடி இளைஞர்கள் பலருக்கு முதல் விமானச் சீட்டைக் கையில் கொடுத்தது. இன்று அமீரகத்தில் வாழும் இந்தியர்கள் 35 லட்சத்துக்கும் மேல். கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் ‘துபாய்’ என்பது ஏறக்குறைய அடுத்த ஊர்போலத்தான். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஏறினால் நான்கு மணி நேரப் பயணம்.

ஆனால் அடுத்த ஊர் இல்லை. அது இஸ்லாமிய மரபைச் சட்டத்தின் ஊற்றுகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாடு. 828 மீட்டர் உயரக் கோபுரம் கட்டியதால் அந்த அடித்தளம் மாறிவிடவில்லை. மாறியது அதன் மேலடுக்கு. அந்த மாற்றம் கடந்த பத்தாண்டுகளுக்குள் மிக வேகமாக நடந்தது. 2020 நவம்பரில் அமீரகம் தன் குற்றவியல் சட்டங்களைத் தளர்த்தியது. மணமாகாதவர்கள் ஒரே வீட்டில் வசிப்பது குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. 2022 ஜனவரி முதல் வெள்ளி–சனி விடுமுறை சனி–ஞாயிறு என்று மாறி, வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை ஆனது. ஷார்ஜா மட்டும் வெள்ளியையும் முழு விடுமுறையாகவே வைத்துக்கொண்டது. ஊரில் அறிவுரை சொல்கிறவர் எந்த ஆண்டுத் துபாயைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

உடையைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பொட்டுக்கோ தாலிக்கோ திருநீற்றுக்கோ அமீரகத்தில் தடை இல்லை. துபாயின் கராமாவிலும் மீனா பஜாரிலும் மல்லிகைப்பூ வைத்த தலைகள் சாதாரணக் காட்சி. வெளிநாட்டுப் பெண்கள் முக்காடு போட வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதே பேரங்காடிகளில் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு. சேலையும் சுடிதாரும் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். வழிபாட்டு இடங்களில் மட்டும் கட்டுப்பாடு கூடும். அபுதாபியில் 82 குவிமாடங்களோடு நிற்கும் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்குள் எல்லா மதத்தவரும் போகலாம்; பெண்கள் தலையை மூட வேண்டும், கைகால் மறையும் தளர்ந்த உடை வேண்டும். இடுப்பு தெரியும் சேலையோடு போனால் மேலே அங்கி அணியச் சொல்வார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போக முடியாது. 2013இல் உலகப் புகழ்பெற்ற பாடகி ரிஹானா அந்த வளாகத்தில் ஒப்புதல் இல்லாமல் படப்பிடிப்பு பாணியில் புகைப்படங்கள் எடுத்தபோது, நிர்வாகம் அவரையே வெளியேறச் சொன்னது.

இதில் நம் பக்கத்து மக்களுக்குப் புரியாதது எதுவும் இல்லை. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் முருகனைப் பார்க்கிறார்கள். 2016 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தமிழ்நாட்டுக் கோவில்களில் ஜீன்ஸும் லெக்கின்ஸும் தடுக்கப்பட்டன. அந்த மாதமே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் இடத்தில் சட்டை கூடாது, இன்னோரிடத்தில் கை மூடிய சட்டை வேண்டும். பொட்டல்புதூர் தர்காவுக்குள் நுழையும்போது யாரும் சொல்லாமலே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் தென்காசி மாவட்ட இந்துப் பெண்களுக்கு அபுதாபிப் பள்ளிவாசலின் விதி எந்த விதத்திலும் அந்நியமில்லை.

சாமி கும்பிடும் இடத்துக்கும் பஞ்சமில்லை. பர் துபாயில் 1958 முதல் கோவில் இருந்தது. 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் புதிய இந்துக் கோவில் திறக்கப்பட்டது; பர் துபாயின் சிவன் கோவிலும் 2024 தொடக்கத்தில் அங்கேயே இடம் மாறியது. கிறித்தவ ஆலயங்களும் குருத்வாராவும் பக்கத்திலேயே இருக்கின்றன. 2024 பிப்ரவரி 14 அன்று அபுதாபியில் 27 ஏக்கரில், ஏழு அமீரகங்களைக் குறிக்கும் ஏழு சிகரங்களோடு சுவாமிநாராயண் கோவில் திறந்தது. அந்தக் கோவிலும் வருகிறவர்கள் உடம்பை மூடி வர வேண்டும் என்றே கேட்கிறது.

சரி, எங்கே மாட்டுகிறார்கள்? முதலில் பெட்டியில்.

மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய் என்னென்ன எடுத்துப் போவார்? வறுத்து அரைத்த குழம்புப் பொடி, குருமா மசாலா, பிரசவ மருந்து, ஊறுகாய், வெற்றிலை பாக்கு, சங்கரன்கோவில் கோமதி அம்மன் கோவில் புற்றுமண். இந்தப் பட்டியலில் மூன்று பொருள்கள் கேள்விக்குரியவை. குருமா மசாலாவில் சேரும் கசகசா அபினிச் செடியின் விதை. சவூதியிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் தொடர்பான தடைப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊரில் மளிகைக் கடையில் ஐம்பது கிராம் பொட்டலமாகக் கிடைப்பதால் யாருக்கும் அது குற்றம் என்று தோன்றாது. குருமாவிலும் பிரியாணியிலும் தாராளமாகச் சேர்க்கும் ஊர்க்காரர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் மசாலாவில் அது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வெற்றிலையும் பீடாவும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் உள்ளவை. மெல்லுவதைவிடத் துப்புவதுதான் அவர்களுக்குப் பெரிய குறை; துபாயில் தெருவில் துப்பினால் 500 திர்ஹாம் அபராதம். புற்றுமண்ணைப் பொறுத்தவரை, தோல் நோய்க்கு மருந்தென்று அதை நம்பிப் பூசுகிறவர்களின் பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எந்த நாட்டு விமான நிலையத்திலும் மண் என்பது கேள்வி எழுப்பும் பொருள். திருநீறு, குங்குமத்தைக் கோவில் பெயர் அச்சிட்ட சிறு பொட்டலத்தில் வைத்துக்கொண்டு, மண்ணை வீட்டிலேயே விட்டுச் செல்வது புத்திசாலித்தனம்.

மருந்து இன்னும் பெரிய விஷயம். டிரமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மூட்டுவலிக்கும் சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் சாப்பிடுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; மாத்திரையை அதன் அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு வேண்டியதைப் பிளாஸ்டிக் டப்பாவில் காலை, மாலை என்று பிரித்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே நல்லது, அங்கே சிக்கல்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அடுத்த வீட்டுக்காரர் தரும் பொட்டலம். ‘எம் மகனுக்கு இதைக் கொடுத்திருங்கக்கா’ என்று யாராவது கையில் திணித்தால் மறுப்பது நம் ஊர் மரியாதைக்கு ஒவ்வாதது. சுங்கத்தில் அந்தப் பொட்டலத்துக்குச் சொந்தக்காரர் அதைச் சுமப்பவர்தான். கண்ணெதிரே பிரித்துப் பார்த்து, தன் கையாலேயே கட்ட முடியாத எதையும் எடுத்துப் போகக் கூடாது. இதில் உறவு முறிந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது செல்போன். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் பேச முடியாது. ஊரோடு பேசப் பெரும்பாலோர் போட்டிம் செயலியை வைத்திருக்கிறார்கள். இதைச் சுற்றிப்போக விபிஎன் போடச் சொல்லித் தரும் பேரப்பிள்ளைகள், விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்தினால் பெருந்தொகை அபராதம் உண்டு என்பதைச் சொல்வதில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டம் இன்னும் கூர்மையானது. வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினாலும் வழக்கு வரும். இணையத்தில் அவமதித்ததற்கான அபராதம் 2,50,000 திர்ஹாமில் தொடங்குகிறது. ரூபாயில் அது ஐம்பது லட்சத்தைத் தாண்டும். பிறரை, அதிலும் பெண்களை, அவர்கள் அனுமதியில்லாமல் படமெடுத்துப் பகிர்வது அந்தரங்க மீறல். பேரங்காடியில் செயற்கை நீரூற்றைப் படம் பிடிக்கும்போது பின்னால் நிற்கும் அரபுக் குடும்பமும் சட்டகத்துக்குள் வரும். அவர்கள் நகர்ந்து போகும்வரை ஒரு நிமிடம் காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

மதத்தை இழிவுபடுத்தும் பதிவு பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 2015இலேயே அமீரகம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2020இல் கொரோனா பரவல் தொடங்கிய வாரங்களில் முஸ்லிம்களைப் பழித்து முகநூலில் எழுதிய இந்தியர்கள் சிலர் வேலை இழந்தார்கள். பாகுபாடு நம் நெறிக்கும் சட்டத்துக்கும் எதிரானது என்பதை அங்குள்ள இந்தியர்கள் மறக்க வேண்டாம் என்று அப்போதைய இந்தியத் தூதர் பவன் கபூர் அந்த ஏப்ரலில் வெளிப்படையாகவே நினைவூட்ட நேர்ந்தது. ஊரில் குடும்பக் குழுக்களில் தினமும் பத்து வெறுப்புச் செய்திகளைப் படிக்காமலே முன்னனுப்புகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறுவது கசகசாப் பொட்டலத்தோடு ஏறுவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. உண்மையில் அதை ஊரிலேயே விட்டொழிப்பதுதான் சரி. சட்டத்துக்குப் பயந்து நிறுத்துவது மரியாதை ஆகாது.

கோவில் கொடைக்கு வரி பிரிப்பதும் இந்த வகையில் சேரும். ஆடித்தபசுக்கு அன்னதானம், குலசாமி கோவில் திருப்பணி என்று வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கைப் போட்டு நன்கொடை கேட்பது நம்மிடம் புண்ணியக் காரியம். அமீரகத்தில் அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நிதி திரட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ஊர்க்காரர்களைச் சந்தித்து ரசீதுப் புத்தகத்தை நீட்டும் பெரியவர், தான் குற்றம் செய்கிறோம் என்று கனவிலும் நினைக்க மாட்டார்.

நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொன்று, ஏழு அமீரகங்களுக்கும் ஒரே வழக்கம் இல்லை என்பது. துபாயில் வாடகை தாங்காமல் ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அல் நஹ்தா என்ற பகுதி துபாயிலும் இருக்கிறது, ஷார்ஜாவிலும் இருக்கிறது. நடுவில் ஒரு சாலை. சாலைக்கு அந்தப் பக்கம், துபாயில், 21 வயதானவர் உரிமம் பெற்ற இடத்தில் மது அருந்தலாம். இந்தப் பக்கம், ஷார்ஜாவில், மது முழுவதும் தடை. விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஷார்ஜாவில் 2001 முதல் பொது ஒழுக்க விதிகள் நடைமுறையில் இருக்கின்றன: ஆண்கள் வெற்று மார்போடு பொது இடத்தில் நடமாடக் கூடாது, பெண்கள் உடல் தெரியும் உடை அணியக் கூடாது, உறவில்லாத ஆணும் பெண்ணும் சந்தேகத்துக்கிடமான சூழலில் தனித்திருக்கக் கூடாது. பகலில் துபாயைச் சுற்றிவிட்டு இரவில் ஷார்ஜாவில் தூங்கும் விருந்தாளி ஒரே நாளில் இரண்டு ஒழுங்குகளுக்குள் வாழ்கிறார். டாஸ்மாக் பழக்கத்தில் பாட்டிலைப் பையில் செருகி அந்தச் சாலையைக் கடப்பவருக்கு எல்லைப் பலகை எதுவும் எச்சரிக்கை தராது. துபாயிலும்கூடக் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடுவது குற்றம். வண்டி ஓட்டுவதற்குத் துளி மதுவும் கூடாது.

வீட்டில் கைலியும் வெற்று உடம்பும் யாருடைய கவலையும் அல்ல. அதே கோலத்தில் பால்கனியில் நின்று பல் துலக்குவது வேறு. பால்கனியை அங்கே தெருவின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். 2021 ஏப்ரலில் துபாய் மரீனாவின் பால்கனி ஒன்றில் ஆடையின்றிப் படமெடுத்துக்கொண்ட வெளிநாட்டுப் பெண்கள் கூட்டமாக நாடு கடத்தப்பட்டது அந்தப் பார்வையின் உச்சம். நம் அம்மாக்களுக்கு இதில் வரும் சிக்கல் எளியது: துவைத்த சேலையை வெளியே தெரியும்படி பால்கனிக் கம்பியில் காயப்போட்டால் மாநகராட்சி அபராதம் போடும். மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு. இளஞ்சிவப்புக் கோடு தாண்டி ஆண் ஏறினால் 100 திர்ஹாம். உள்ளே முறுக்கு கடித்தாலும் அதே 100 திர்ஹாம்தான்.

நோன்பு மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் மாதம் அது. 2025இல் மார்ச் 1 அன்று தொடங்கியது. முன்பு துபாய் உணவகங்கள் பகலில் திரைபோட்டு மறைத்தே சாப்பாடு தர வேண்டும். 2021இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் திரையை எடுத்தது உணவகம். தெருவில், பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்கான அழைப்பு அல்ல அது. சாயங்காலம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு போய் நின்று வளர்ந்தவர்களுக்கு இதில் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அரபு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ விருந்தாளியாகப் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர்கள் மறக்காமல் சொல்வது கஹ்வாவைப் பற்றி. ஏலக்காய் மணக்கும் வெளிறிய காபி அது. சர்க்கரை கிடையாது, பக்கத்தில் பேரீச்சம்பழம் இருக்கும். ஊற்றுகிறவர் நீண்ட மூக்குள்ள கூஜாவை இடது கையிலும் பிடியில்லாத சின்னக் கிண்ணங்களை வலது கையிலும் வைத்திருப்பார். கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றுவார். குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றுவார், மறுபடியும் ஊற்றுவார். போதுமென்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கிண்ணத்தை வலது கையில் பிடித்து இருபுறமும் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தால் நிறுத்திவிடுவார். முதல் கிண்ணத்தையே வேண்டாம் என்பது, நம் வீட்டுப் படியேறி வந்தவர் ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம் என்பதுபோல் மனத்தில் தைக்கும். இந்த உபசாரத்தை 2015இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. பெண்களிடம் ஆண்கள் முந்திக்கொண்டு கை நீட்டக் கூடாது. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைப்பது அவர்கள் வழக்கம். கைகூப்பி வணங்கிப் பழகியவர்களுக்கு அது இயல்பாகவே வரும். ஜுமேரா பள்ளிவாசலில் பிற மதத்தவரை உள்ளே அழைத்துச் சென்று, எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று உட்கார வைத்துப் பேசும் ஒரு பண்பாட்டு மையம் 1998 முதல் செயல்படுகிறது. பேரங்காடிகளில் கழியும் ஒரு நாளை அதற்குக் கொடுக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. மரபை மதிப்பது என்றால் அந்த நாட்டுச் சட்டம் செய்வதெல்லாம் நியாயம் என்று ஏற்பதல்ல. 2013இல் துபாயில் தன்மீது பாலியல் வன்முறை நடந்ததாகப் புகார் கொடுத்த நார்வே நாட்டுப் பெண்ணுக்கே, திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டதாக 16 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு மன்னிப்பு வழங்கினார்கள். 2020இன் திருத்தங்கள் அப்படிப்பட்ட அநீதிகளின் பின்னணியில் வந்தவை. இன்றும் உடையும் நடத்தையும் எல்லோரிடமும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. கடற்கரை விடுதியில் தங்கும் பணக்காரச் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் சலுகை, தொழிலாளர் முகாமிலிருந்து விடுமுறை நாளில் கைலியோடு கடைத்தெருவுக்கு வருபவருக்குக் கிடைக்காது. நம் ஊரிலிருந்து போகும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டாமவரின் உறவினர்கள். அவர்கள் சற்றுக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் அவர்கள் குறையல்ல, அந்தத் தராசு.

சவூதி இன்னொரு கதை. 2019 செப்டம்பரில் முதன்முறையாகச் சுற்றுலா விசா தரத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிவது கட்டாயமில்லை, கண்ணியமான உடை போதும் என்று அறிவித்தார்கள். கூடவே 19 குற்றங்கள் அடங்கிய பொது ஒழுக்க விதிகளும் வந்தன: தொழுகை நேரத்தில் சத்தமாகப் பாட்டு வைப்பது, அனுமதியின்றிப் படமெடுப்பது, குப்பை போடுவது எல்லாம் அதில் அடங்கும். 2018இல் திரையரங்குகள் திறந்தன, பெண்கள் கார் ஓட்டினார்கள். ரியாத்தில் 2024 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஆனாலும் பிற மதக் கோவில் ஒன்றுகூட அங்கே இல்லை. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் நுழைய முடியாது. துபாயை மனத்தில் வைத்து ரியாத்தில் இறங்குவது, ஷார்ஜாவைத் துபாயென்று நினைப்பதைவிடப் பெரிய பிழை.

வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு இந்திய அரசு புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி நடத்துகிறது. விசிட் விசாவில் பேரன் முகம் பார்க்கப் போகும் அறுபது வயதுத் தாய்க்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பயண முகவர் கொடுத்த சீட்டும் உறவினர் சொன்ன பயமுறுத்தல்களும்தான். விசா முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம் என்பதோ, சிக்கலில் மாட்டினால் 800 46342 என்ற எண்ணில் இந்தியர்களுக்கான உதவி மையத்தை இலவசமாக அழைக்கலாம் என்பதோ அந்தச் சீட்டில் இருக்காது. அயலகத் தமிழர் நலத்துறை இதை ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டுத் தர முடியும்: கொண்டு போகக் கூடாத பொருள்கள், அனுமதி வேண்டிய மருந்துகள், செல்போனில் செய்யக் கூடாதவை, ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் உள்ள வேறுபாடு, உதவி எண்கள். சங்கரன்கோவிலில் டிக்கெட் போடும் கடைகளிலும் நெல்லை பாஸ்போர்ட் சேவை மையத்திலும் அது கிடைத்தால், பெட்டி கட்டும் வீடுகளுக்கு அந்தத் தாள் நேரே போய்ச் சேரும்.